அடுத்த கதையின் முதல் பக்கம்

எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் கோட்டுக்காரர் என்று பேர் வாங்கிய பழைய புத்தகச் சேகரிப்பாளர் இறந்துபோன செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பல் டாக்டர் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கூட மைத்துனன் குட்டி. பெயர்தான் குட்டி. அவன் கதவுப் பக்கம் நின்றால் பின்னால் இருப்பவருக்கு வெளிச்சம் வராது. பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று டாக்டர் அவனை இழுத்து வந்திருந்தார்.

"மாமா, மனுஷன் போய் ஒரு வாரம்கூட ஆகல. நாம துக்கம் கேக்க வந்திருக்கோமா, புத்தகம் வாங்க வந்திருக்கோமா?"

"ரெண்டும்தான். நீ வாயை மூடிக்கிட்டு முகத்தைத் தொங்கப்போடு, போதும்."

"என் முகம் தொங்காது மாமா. சதை அப்படி."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனசு முழுக்க வீட்டுக்குள்ளே இருந்தது.

பேசும் நதி, பறக்கும் மலை என்று எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு எழுத்தாளர். அவருடைய புத்தகங்களைச் சேர்ப்பவர்கள் தங்களுக்குள் அவரை மாயக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆள் ஆவதற்கு முன்னால் அவர் எழுதிய கதைகள் தனிப் புத்தகமாக வந்ததில்லை. பத்துப் பேர் கதையைச் சேர்த்துப் போட்ட தொகுப்புகளில், நடுவில் எங்கேயாவது ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். அந்தத் தொகுப்புகளின் முதல் பதிப்பைத் தேடிப் பிடிப்பது டாக்டருக்குத் தொழிலுக்கு அடுத்த வேலை. அவர் மனைவியைக் கேட்டால், தொழிலுக்கு முந்தின வேலை என்பாள்.

"மத்த ஒம்பது பேரையும் படிப்பீங்களா மாமா?" என்று குட்டி ஒருமுறை கேட்டான்.

"எதுக்கு?"

"அப்போ ஒரு ஜன்னல் சீட்டுக்காக முழு பஸ்ஸையும் வாங்குற ஆள் நீங்க."

எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை. சின்ன அச்சகம் ஒன்று பச்சைத் துணி அட்டை போட்டு, கொஞ்சமாக அச்சடித்த தொகுப்பு. அதுவும் டாக்டரிடம் இருந்தது. ஆனால் மாயக்காரர் கதை முடிகிற கடைசித் தாள் மட்டும் அதில் இல்லை. எப்போதோ யாரோ கிழித்திருந்தார்கள். அலமாரியில் மற்றதெல்லாம் வரிசையாகப் பளபளக்க, அந்தப் பச்சை அட்டை மட்டும் முன்பல் போன வாய் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கோட்டுக்காரரிடம் முழுப் பிரதி இருந்தது. உயிரோடு இருந்தவரை ஒருத்தரையும் அதைத் தொடவிட்டதில்லை.

கதவைத் திறந்தது கோட்டுக்காரர் மனைவி. வயதானவர், நிமிர்ந்த முதுகு. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"வாங்க டாக்டர். நீங்கதான் முதல்ல வருவீங்கன்னு அவர் சொல்லிட்டுத்தான் போனார்."

உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. வெயில் பட்டால் புத்தக முதுகு வெளுத்துவிடும் என்று கோட்டுக்காரர் எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்திருந்தார். டாக்டர் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் அவருக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. பழைய பசை வாசனை, ஈரக் காகித வாசனை, அதற்கடியில் வேறு ஏதோ ஒன்று. பல் பிடுங்கியபின் பஞ்சில் வரும் வாசனை. அதுவும் அவருக்குப் பழகினதுதான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க" என்றார் அந்த அம்மா. "அந்தப் பச்சை அட்டை மட்டும் வேண்டாம். அது என்கூட இருக்கட்டும்."

"அம்மா, நீங்க அதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"காவல் இருக்கப்போறேன்." அந்த அம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்தார். இரண்டு விரல்கள் அடியோடு இல்லை. "ஒரு தடவை அதுல ஒரு தாள் கழண்டு வந்துடுச்சு. அன்னைக்குப் போனது. மத்த பிரதியெல்லாம் எப்படியோ, இதுல பக்கமெல்லாம் அதது இடத்துல இருக்கணும் தம்பி. அவ்வளவுதான் சொல்வேன்."

புருஷன் போன துக்கத்தில் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். முகத்தில் காட்டவில்லை. நடுங்கும் நோயாளியிடம் ஊசியை மறைத்துப் பழகிய முகம் அது.

அந்த அம்மா காபி போடப் போனார். குட்டி முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அறையில் டாக்டர் தனியாக இருந்தார்.

சட்டைப் பையில் துணி சுற்றிய அறுவைப் பிளேடு ஒன்று எப்போதும் இருக்கும். பச்சை அட்டையை இறக்கினார். திறந்தார். அந்தத் தாள் அங்கே இருந்தது, மஞ்சளாக, முழுசாக. புத்தகத்தின் தையல் ஓரமாக வைத்து ஒரே இழுப்பு.

வெண்ணெயில் போன மாதிரி போனது.

புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். ரொம்ப நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த யாரோ, விட்ட மாதிரி.

டாக்டர் பிளேடைப் பார்த்தார். முனையில் ஈரம். விரலைப் பார்த்தார். வெட்டு எதுவும் இல்லை. தாளைக் கையோடு கொண்டுவந்த இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார்.

காபியோடு வந்த அம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்லையே."

"யாரோ என்னைத் தாண்டிப் போன மாதிரி இருந்துச்சு."

டாக்டர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

*

டாக்டர் வீட்டில் கீழே கிளினிக், மேலே குடித்தனம். கிளினிக்குக்குப் பின்னால் அவருடைய வேலை அறை. அன்று சாயங்காலமே தாளை மேஜையில் விரித்துவிட்டார்.

அது நடுவில் மடிப்பு விட்டு, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. பின்னால் ஒரு தாங்கல் கொடுக்காமல் தன் பிரதியில் ஒட்ட முடியாது. இந்த மாதிரித் தாளுக்குப் பின்னால் மெல்லிசான, எழுத்துத் தெரிகிற காகிதம் ஒட்டுவதுதான் வழக்கம். அது கையில் இல்லை, வரவழைக்கப் பொறுமையும் இல்லை. கெட்டியான வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. மாவுப் பசையைக் காய்ச்சினார்.

குட்டி எட்டிப் பார்த்தான். "மாமா, பின்பக்கம் எழுத்து இருக்கே."

இருந்தது. தாளின் முன்பக்கம் மாயக்காரர் கதையின் முடிவு. திருப்பினால் அடுத்த கதையின் முதல் பக்கம். மேலே ஒரு பெண் பெயர், யாரும் கேள்விப்படாத பெயர். அதற்குக் கீழே முதல் வரி. 'வாசலில் ஒரு பெண் நின்று கதவைத் தட்டினாள்.'

"அது வேற யாரோ. யாருக்கு வேணும் அது?"

"எழுதினவங்களுக்கு வேணும்ல."

"எழுதினவ செத்து எலும்பு மக்கியிருக்கும். தூரிகையை எடு."

அந்த ஒரு வரிக்கு மேல் டாக்டர் படிக்கவில்லை. பசையைத் தடவி, வெள்ளைக் காகிதத்தை அந்தப் பெண்ணின் பக்கத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். காகிதத்தின் நடுவில் ஒரு கொப்புளம் எழுந்தது. அழுத்தினார். வேறு இடத்தில் எழுந்தது. அடியில் காற்று மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு பல் அச்சு வார்த்த கனமான கல் ஒன்றைத் தூக்கி மேலே வைத்தார்.

மேலே சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "என்ன, முகம் இவ்வளவு பிரகாசமா இருக்கு? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இப்படி இல்லையே."

"உன்கிட்ட எல்லாப் பக்கமும் இருந்துச்சு. தேடி அலையலை."

"கேட்டியாடா குட்டி? உங்க மாமா கொஞ்சுறார், எழுதி வச்சுக்கோ." தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவர்கள் அம்மா போனபின் அவனை வளர்த்தது அவள்தான். இன்றைக்கும் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

*

அடுத்த நாள் மத்தியானம்.

காலையிலேயே தாளைத் தன் பிரதியில் ஒட்டி முடித்திருந்தார் டாக்டர். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவர்தான் காத்திருந்தார், தாடை வீங்கிய ஒரு பெரியவர். டாக்டர் கருவிகளைக் கொதிக்கவைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. போய்ப் பார்த்தார்.

பெரியவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் பத்திரிகை விரித்தபடி இருந்தது. அதன் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

இடது கடைவாயிலிருந்து காது வரைக்கும் கன்னம் திறந்து கிடந்தது.

அவர் கத்தவில்லை. வலி இன்னும் வந்து சேரவில்லை போல. திறந்த கன்னத்துக்குள் கடைவாய்ப் பல்லெல்லாம் வெள்ளையாகத் தெரிய, குழப்பமாகச் சொன்னார். "ஒரு அம்மா... யாரைத் தேடி வந்தேன்னு என்னைக் கேட்டுச்சு. எனக்கெப்படிம்மா தெரியும்னேன்."

வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது.

குட்டி ஓடிவந்து பெரியவரை அள்ளித் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினான். திரும்பி வந்து, சட்டையெல்லாம் ரத்தமாக, தரையைக் கழுவ ஆரம்பித்தான். அப்போது டாக்டரின் போன் அடித்தது.

கோட்டுக்காரர் மனைவி. "தாளை எடுத்தது நீங்கதானே?"

டாக்டர் வேலை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் வீட்டைப் பூட்டிட்டு ரோட்டுல நிக்கிறேன். மழையில நனைஞ்சாலும் பரவாயில்லைன்னு. இப்ப நல்லாக் கேளுங்க. அந்தப் பக்கத்துல அவ வந்து கதவைத் தட்டி, ஒரு ஆம்பளை பேரைச் சொல்லி, அவர் இருக்காரான்னு கேப்பா. அந்தப் பேர்ல ஆள் கதைக்குள்ளதான் இருக்கான். அவனைத் தேடி அவ கதைக்குள்ளயே திரிவா, நமக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா, யாரைத் தேடி வந்தோம்னு அவளுக்கே தெரியாது. கதவும் தட்டமாட்டா. எதிர்ல நிக்கிறவங்ககிட்ட கேப்பா. தெரியலைன்னா அறுப்பா."

"அம்மா, அந்தப் பேர் என்ன?"

"எனக்குப் படிக்கத் தெரியாது டாக்டர். அன்னைக்கு என்னைப் பிடிச்சப்ப அவர்தான் கழண்ட தாளைப் பார்த்து அந்தப் பேரைப் படிச்சார். அவர் படிக்கிறதுக்குள்ள ரெண்டு விரல் போச்சு. பேரைக் கேட்டதும் விட்டுட்டுப் போயிட்டா. அப்புறம் அவர் அந்தப் பேரை வாயால சொன்னதே இல்ல. பக்கம் உங்ககிட்டதானே இருக்கு. பார்த்துச் சொல்லுங்க, போதும்."

டாக்டர் போனைக் கீழே போட்டார்.

வேலை அறைக்கு ஓடினார். புத்தகத்தைத் திறந்தார். மாயக்காரர் கதையின் முடிவு அழகாக உட்கார்ந்திருந்தது. திருப்பினார். கெட்டியான வெள்ளைக் காகிதம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், இத்தனை வருஷமாக அவர் கையில் இருந்தும் ஒருமுறைகூடப் படிக்காத அடுத்த பக்கம், பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது.

'என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாதவர்களை அவள் விட்டுவைக்கவில்லை.'

வெந்நீரில் பஞ்சை நனைத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒற்றினார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். ஈறைக் கிளப்புகிற மாதிரி மெதுவாகத்தான் செய்தார். அவர் பசை நல்ல பசை. காகிதம் வந்தது, எழுத்தோடு வந்தது. மேல்வரி ஒன்று தப்பியது. அடியில் 'இருக்கிறாரா' என்ற சொல் தப்பியது. அதற்கு முன்னால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கூழ்.

அவர் விரலில் ஒட்டியிருந்த அந்தக் கூழ் சிவப்பாக இருந்தது.

மேலே மனைவி அலறினாள்.

*

மாடிப்படியில் மின்சாரம் இல்லை. அவரே ஜன்னல் ஜன்னலாக அடித்த கறுப்புத் துணி வீட்டை மூடியிருந்தது. கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினார். படியெல்லாம் மாவுப் பசை வாசனை.

கைப்பிடி வழவழத்தது.

சமையலறையில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் மனைவி முழங்காலிட்டிருந்தாள். அவள் தலைமுடியை ஒரு கை பின்னாலிருந்து சுற்றிப் பிடித்திருந்தது. தரையில், வெட்டிய காய்களுக்கு நடுவே, காய் அல்லாதவை இரண்டு கிடந்தன. ஒன்றில் மோதிரம் இருந்தது.

மனைவியின் தொண்டையில் அவருடைய பிளேடு.

பிடித்திருந்தவள் ஈரக் காகிதம் மாதிரி இருந்தாள். தோலுக்கு அடியில் கறுப்பாக வரி வரியாக ஏதோ ஓடியது. கண் இருந்தது. வாய் இருக்கவேண்டிய இடத்தில், கன்னத்திலிருந்து கன்னம் வரைக்கும், கெட்டியான வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அவர் உள்ளங்கையால் தேய்த்த தடம்கூட அதில் தெரிந்தது.

காகிதம் உள்ளே ஒடுங்கியது. வெளியே உப்பியது.

அதற்கடியிலிருந்து குரல் வந்தது.

"நான் யாரைத் தேடி வந்தேன்?"

டாக்டர் வாயைத் திறந்தார். பெயர் இல்லை.

"விட்டுடு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பிளேடு கொஞ்சம் நகர்ந்தது. மனைவியின் கழுத்தில் மெல்லிசான சிவப்புக் கோடு விழுந்தது, தையல் ஓரமாகத் தாளை வெட்டும்போது விழுகிற கோடு மாதிரி, நேராக. கோடு அகன்றது. அவள் கையால் பொத்தப் பார்த்தாள். மூன்று விரல் கையில் ரத்தம் நிற்கவில்லை.

"நான் யாரைத் தேடி வந்தேன்?"

மனைவி கணவனைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவர் பொய் சொல்லும்போதெல்லாம் பார்க்கிற அதே பார்வை. அதில் ஒரு கேள்விதான் இருந்தது. நீங்க என்ன பண்ணீங்க?

தாளை வெட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லலாம். ஒரு சொல்தான். நாக்கு நுனியில் அது வந்து நின்றது. யோசிக்க நேரம் இருந்தது. பின்னால் எத்தனையோ முறை இல்லை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், ஆனால் நேரம் இருந்தது.

கீழே குட்டி வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"குட்டி" என்றார் டாக்டர்.

வெள்ளைக் காகிதம் நடுவில் கிழிந்தது.

அதற்குள் சிரிக்கிற மாதிரி ஒரு வாய் இருந்தது. அவள் கையை எடுத்தாள். மனைவி தரையில் சரிந்தாள். காகிதம் உரசுகிற சத்தம் அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போனது.

டாக்டர் மனைவியின் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை எடுத்தால் அவள் செத்துவிடுவாள், அதனால்தான் கீழே போகவில்லை. அப்படித்தான் போலீசிடம் சொன்னார். அது உண்மையும்கூட.

கத்தியிருக்கலாம். ஓடுடா என்று ஒரு வார்த்தை. அதற்குக் கை தேவையில்லை.

கீழே, உள்கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, விரல் முட்டியால்.

"யாரு?" குட்டியின் குரல். அப்புறம், கொஞ்சம் ஆச்சரியமாக, "ஆமாங்க, நான்தான்."

அதற்கப்புறம் கேட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. பல் டாக்டர்களுக்குத் தெரிந்த சத்தம்தான். எலும்பிலிருந்து வேர் விடுகிற சத்தம். ஒன்று விட்டு ஒன்றாக, அவசரமில்லாமல், வாய் முழுக்க.

குட்டி பெரிய ஆள். நெடுநேரம் ஆனது.

ஆம்புலன்ஸ்காரர்கள்தான் அவனை முதலில் பார்த்தார்கள். நோயாளி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தது, மேலே விளக்கு எரிந்தது. வாய் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி தாடை மார்புவரை இறங்கியிருந்தது. பக்கத்துத் தட்டில் பற்கள், வேரோடு, ஒழுங்காக அடுக்கியிருந்தன. வந்தவர்களில் ஒருவன் வெளியே போய் மழையில் உட்கார்ந்துவிட்டான்.

*

போலீஸ் முதலில் டாக்டரைத்தான் துருவியது. கன்னம் பிளந்த பெரியவர் ஆஸ்பத்திரியில், ஒரு பெண் என்று எழுதிக் காட்டியதால் விட்டார்கள்.

மனைவி பிழைத்துக்கொண்டாள். கழுத்துத் தையல் ஆறியது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் பேசவில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார்கள். டாக்டரும் எல்லோரிடமும் அதையே சொன்னார். சமையலறையில் அவள் மயங்கியிருந்தாளா, முழித்திருந்தாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

தாள் ஒட்டிய தன் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டர் கோட்டுக்காரர் மனைவியிடம் போனார். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"திறந்து பாருங்க" என்றார்.

திறந்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் வெள்ளைக் காகிதம் இல்லை. கூழ் இல்லை. அச்சு நேற்றுப் போட்ட மாதிரி முழுசாக, கறுப்பாக இருந்தது. 'வாசலில் ஒரு பெண் நின்று கதவைத் தட்டினாள்.' அதற்குக் கீழே நாலைந்து வரி. கடைசி வரி:

'குட்டி இருக்கிறாரா?'

"புத்தகம் முழுசாயிடுச்சு டாக்டர். நீங்க ஆசைப்பட்டதுதானே. வச்சுக்கோங்க." அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

அதற்குப்பின் டாக்டர் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கிளினிக்கில் வைத்தார். ஆனால் மூன்று விரல் கைக்கு அந்தச் சாவி எப்படியோ கிடைத்துவிட்டது. மனைவி தினமும் மத்தியானம் ஜன்னலின் கறுப்புத் துணியை விலக்கி, வெயிலில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வாள். ஒரே பக்கம். கடைசி வரியில் விரலை வைத்தபடி இருப்பாள். தம்பியின் பெயரைத் தடவுகிறாள் என்று நினைத்து டாக்டர் தள்ளியே நின்றார். கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

ஒருநாள் அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பார்த்தார்.

பழைய வரி அங்கே இல்லை. கடைசி வரி மாறியிருந்தது.

'குட்டியின் பெயரைச் சொன்னவர் இருக்கிறாரா?'

கீழே கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, விரல் முட்டியால்.

டாக்டர் புத்தகத்தை மூடினார். மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். தாழ் நீக்குகிற சத்தம் கேட்டது. தாழ்ந்த பெண் குரல் ஒன்று என்னவோ கேட்டது.

அப்புறம், இத்தனை நாள் கழித்து முதல்முறையாக, மனைவியின் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மற்றபடி விருந்தாளியிடம் பேசுகிற அதே குரல்தான்.

"இருக்கார். மேலதான் இருக்கார். உள்ள வாங்க."